பேப்பரில் இல்லாத பிள்ளை

சிதம்பரம்
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமாவுக்கு,

இவ்வளவு ராத்திரியில் உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னித்துவிடுங்கள். எழுத்து கோணலாக இருந்தால் அதற்கும் சேர்த்து. பகலில் ஆதிரை என் மடியை விட்டு இறங்குவதே இல்லை. இப்போதுதான் தூங்கினாள். தூக்கத்திலும் என் புடவை முனையைப் பிடித்திருக்கிறாள். இழுத்தால் விழித்துக்கொள்வாள் என்று அப்படியே பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உங்களைக் கடலூர் ஜெயிலுக்குக் கொண்டுபோய்ப் பதிமூன்று நாள் ஆகிறது. வியாழக்கிழமை இரண்டு பஸ் மாறிக் கேப்பர் மலை ஜெயிலுக்கு வந்தேன். மனு எழுதிக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் மூன்று மணி நேரம் இருந்தேன். கடைசியில் வார்டர் வந்து, "ராஜவேலு பாக்க மாட்டேன்னுட்டாம்மா. போயிட்டு வா" என்றார். சுற்றி இருந்த பெண்கள் எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். பார்க்க மாட்டேன் என்று சொல்ல நான் என்ன செய்தேன் மாமா? சரி, நான் செய்ததை நான் எழுதவில்லை.

விசா ஏஜெண்ட் செந்தமிழ்செல்வன் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதாம். அவர் தம்பி சடையப்பன் சனிக்கிழமை நான்கு பேரோடு நம் வீட்டுக்கு வந்தான். ஜன்னல் கண்ணாடி ஒன்றும் மிச்சமில்லை. என் தலைமுடியைக் கையில் சுற்றிக்கொண்டு, "எங்க அண்ணன் போனா உன் புருஷன் மட்டும் உள்ள உக்காந்து களி திம்பானா? உனக்கும் சேத்து ஆக்கிப் போடறேன் பாரு" என்றான். ஆதிரை கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். அவன் போன பிறகும் ஒரு மணி நேரம் வெளியே வரவில்லை. அன்று சாயங்காலமே புவனகிரி ரோட்டில் நம் பஞ்சர் கடைக்குத் தீ வைத்துவிட்டார்கள். பழைய டயர் எல்லாம் எரிந்து, அந்த நாற்றம் இரண்டு நாளாய் ஊர் பூராவும். உங்கள் சிநேகிதர் அன்பரசு அண்ணன் காற்றடிக்கும் மெஷினை மட்டும் இழுத்து வெளியே போட்டிருக்கிறார். அவர் புறங்கை வெந்துபோயிருக்கிறது.

ஆதிரையின் கைக்கட்டை இன்னும் பத்து நாள் கழித்துத்தான் பிரிப்பார்களாம். டாக்டரிடம் கட்டிலிலிருந்து விழுந்தாள் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

பாஸ்போர்ட் என்னிடம் இருக்கிறது. அயர்லாந்து விசா ஒட்டியிருக்கிறது. செப்டம்பர் பத்தாம் தேதி சென்னையிலிருந்து விமானம். பதினைந்துக்குள் டப்ளினில் போய்ச் சேராவிட்டால் சீட்டும் போய்விடும், விசாவும் செல்லாது என்று காலேஜிலிருந்து மெயில் வந்திருக்கிறது. நான் போவதா, இருப்பதா? எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. அரிசி டிரம்மைத் திறப்பதே இல்லை. கடையில் கால் கிலோ கால் கிலோவாக அரிசி வாங்கிச் சமைக்கிறேன்.

பதில் போடுங்கள்.

எழிலரசி


கடலூர்
12 ஆகஸ்ட்

எழிலுக்கு,

உன் லெட்டர் இன்னிக்குத்தான் கைக்கு வந்தது. இங்கே வர்ற ஒவ்வொரு லெட்டரையும் ஆபீசில் பிரிச்சுப் படிச்சு, முத்திரை குத்தித்தான் தர்றாங்க. நான் எழுதறதும் அப்படித்தான் வெளியே போகும். நீ எழுதினதில் டிரம் என்கிற வார்த்தை மேலேயே முத்திரை விழுந்திருந்தது. நீ படிச்சவ. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாதுன்னு உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் திரும்பவும் சொல்றேன். நான்தான் அடிச்சேன். கடையில் டயர் கழட்டற இரும்பு லிவரால் அடிச்சேன். மூணு அடி. விசா வாங்கித் தர்றதாச் சொல்லி அலைக்கழிச்சான், ஆத்திரத்தில் அடிச்சேன். போலீஸிலும் அதுதான் சொன்னேன், ஜட்ஜ் கிட்டேயும் அதுதான் சொல்வேன். நீ அன்னிக்கு வீட்டில் இருந்தே. உனக்கு ஒண்ணும் தெரியாது.

மனுவுக்கு வராதே. இங்கே வந்தா ஆதார் நம்பர் எழுதிக்கறாங்க. ஜெயிலுக்கு வந்து போறவன்னு நாளைக்கு ஏர்போர்ட்டில் ஒருத்தன் கம்ப்யூட்டரில் பார்த்துக் கேட்டா என்ன சொல்வே? அப்படியெல்லாம் பார்ப்பானா இல்லையான்னு எனக்குத் தெரியாது. ஆனா பயமா இருக்கு.

நீ போயே ஆகணும். போன தடவை விசா கிடைக்கலைன்னதும் மூணு நாள் சாப்பிடாம கிடந்தியே, அது எனக்கு மறக்கலை. ஆதிரையை நெல்லிக்குப்பத்தில் எங்க அக்கா அமராவதி வீட்டில் விடு. கத்தும், நாலு நாளில் பழகிக்கும்.

எனக்கு முன்பல் ரெண்டு போச்சு. சடையப்பனுக்கு வேண்டிய ஆள் ஒருத்தன் எங்க பிளாக்கில்தான் இருக்கான். குளிக்கிற இடத்தில் காலை வாரிவிட்டு, வாளியால் முகத்தில் அடிச்சான். ச வருது, த வர மாட்டேங்குது. பொண்ணு பேரைச் சொல்லிப் பார்த்தேன், காத்துதான் வருது. அதை நெனச்சு எனக்கே சிரிப்பா இருக்கு.

அரிசியில் வண்டு வெச்சிருக்கும். டிரம்மைக் காலி பண்ணு. புவனகிரி போறப்ப வெள்ளாத்தில் கழுவிக்கலாம்.

ராஜவேல்


சிதம்பரம்
19 ஆகஸ்ட்

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் பல்லைப் படித்துவிட்டு நான் சிரிக்கவில்லை. நீங்கள் எப்படிச் சிரித்தீர்கள் என்று தெரியவில்லை.

டிரம்மைக் காலி செய்யவில்லை. இனிமேல் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நீங்கள் சொன்னபடி நெல்லிக்குப்பம் போனேன். கரும்பு டிராக்டர் வரிசையில் பஸ் மாட்டிக்கொண்டு, வீடு போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. அமராவதி அக்கா கதவைத் திறந்ததும் செருப்பைக் கூடக் கழற்ற விடவில்லை. கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"எந்தம்பிய உள்ள தள்ளிட்டு நீ சீமைக்கு போறியா? புள்ளைய வேற எந்தலையில கட்டிட்டு? வெக்கமா இல்ல?"

"அவருதாங்க்கா போவச் சொன்னாரு."

"அவன் சொல்லுவான். அவனுக்கு நீ வெளிநாட்டு டிகிரி வாங்கறதுதான் சாமி. பஞ்சர் ஒட்டற பயலுக்கு எம்மெஸ்ஸி பொண்டாட்டி. அன்னிக்கே சொன்னேன் நானு, கேட்டானா?"

ஆனால் அடித்த கையாலேயே ஆதிரையைத் தூக்கிக்கொண்டார். தூக்கியதும் அவள் அக்காவின் தோளைக் கடித்துவிட்டாள். ரத்தம் வந்துவிட்டது மாமா. அக்கா வலியோடு இறக்கிவிட்டு, என்னை ஒரு மாதிரி பார்த்தார். "யாரு தூக்குனாலும் இப்பிடியா?" என்றார். ஆமாம் என்றேன். பிறகு சாதம் போட்டார். திரும்பி வரும்போது ஆதிரையையும் கூட்டிக்கொண்டே வந்துவிட்டேன்.

நேற்று பால்வாடியில் ஜான்சி மிஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஆதிரை ஒரு பொம்மையைப் படுக்க வைத்து, மரக்கட்டையை எடுத்து அதன் தலையில் அடித்துக்கொண்டே இருந்தாளாம். மற்ற பிள்ளைகள் பயந்து அழுதிருக்கின்றன. மிஸ் கட்டையை வாங்கிக்கொண்டு, "ஏம்மா அடிக்கிறே?" என்று கேட்டதற்கு, "நா பேப்பர்ல இல்ல மிஸ்" என்று சொன்னாளாம்.

"மூணு வயசுக் கொழந்த வாயில இந்த வார்த்த எங்கேந்து வந்துச்சு எழில்? யாரு சொன்னா?" என்று மிஸ் கேட்டார். அவர் நல்லவர், குற்றம் சொல்கிற மாதிரிக் கேட்கவில்லை. நான் தெரியாது என்றேன். அவர் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்து பாஸ்போர்ட் இருந்த கவரை எடுத்தேன். அதில் விசா விண்ணப்பத்தின் நகலும் இருக்கிறது, ஏழு பக்கம். அன்றைக்குக் காதால் கேட்டேன், இப்போதுதான் கண்ணால் பார்க்கிறேன். மூன்றாம் பக்கம். திருமணமானவரா? இல்லை. குழந்தைகள்? இல்லை. கடைசிப் பக்கத்தில், மேலே கண்டவை அனைத்தும் உண்மை என்பதற்குக் கீழே, என் கையெழுத்து. ஏஜெண்ட் அந்தக் கடைசித் தாளை மட்டும்தான் என் முன்னால் நீட்டினார். கல்யாணம், குழந்தை என்று எழுதினால் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பிவிடுவாள், அல்லது குடும்பத்தை அழைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிடுவாள், இரண்டில் எதையாவது சொல்லி நிராகரித்துவிடுவார்கள் என்று அவரே முடிவு செய்திருக்கிறார். பாஸ்போர்ட் கல்யாணத்துக்கு முன்னால் எடுத்தது, அப்பா பெயர்தான் இருக்கிறது. அவருக்கு வசதியாகப் போய்விட்டது. நண்டு ஓட்டின் கோடுகளை எண்ணி எண்ணி நூற்றிருபது பக்கம் ஆய்வு எழுதியவள், ஏழு பக்கத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

இந்த விசாவில் போனால், நாளைக்கு இவளை அங்கே அழைத்துக்கொள்ள யாரென்று சொல்லி அழைப்பேன்? உங்களை யாரென்று சொல்வேன்? ஒரு வருஷம் பிரிந்திருக்கலாம். அதற்குத்தான் நாம் தயாராக இருந்தோம். ஆனால் இது பிரிந்திருப்பது இல்லையே. இந்த விசாவைக் காப்பாற்ற வேண்டும் என்றால், கேட்கிற இடத்திலெல்லாம் எனக்குப் பிள்ளை இல்லை என்று நான் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

யோசித்து எழுதுங்கள்.

எழிலரசி


கடலூர்
26 ஆகஸ்ட்

எழிலுக்கு,

அஞ்சு நாளா என்னைத் தனி ரூமில் போட்டிருந்தாங்க. அதனால்தான் தாமதம். ஏன் போட்டாங்கன்னு சொல்றேன்.

அந்த வாளி ஆள் சாப்பாட்டு வரிசையில் எனக்குப் பின்னாடி நின்னான். "ஏன்டா பஞ்சரு, உன் பொண்டாட்டி ஏஜெண்டுகிட்ட எத்தினி தடவ போனா? விசா சும்மா வருமாடா?"ன்னு எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொன்னான். நான் தட்டைக் கீழே வெச்சேன். அவன் தலையைப் பிடிச்சுக் குழாய் மேலே மோதினேன். எத்தனை தடவைன்னு ஞாபகம் இல்லை. நாலு வார்டர் சேர்ந்து பிரிச்சாங்க. அவனுக்கு நெத்தியில் ஒன்பது தையல். நான் இதுக்கு முன்னாடி ஒரு ஆளையும் அடிச்சதில்லை எழிலு. இப்ப எழுதிட்டுத்தான் யோசிக்கறேன், இப்படி எழுதக்கூடாதோன்னு. எழுதினது எழுதினதாவே இருக்கட்டும். அந்த வரியை அடிச்சா, ஏன் அடிச்சேன்னு கேப்பாங்க.

அந்த ரூமில் வெளிச்சம் கிடையாது. அவன் சொன்னதே காதில் ஓடிட்டு இருந்தது. கேக்கக்கூடாது. ஆனா கேக்கறேன். நீ ஏன் தனியா போனே? அதுக்கு முன்னாடி எப்பவாவது அவன் ஏதாவது பேசினானா? பேசியிருந்தா ஏன் என்கிட்டே சொல்லலை? விசா போயிடும்னு சொல்லாம இருந்தியா?

ஃபாரம் விஷயத்தை விடு. அங்கே போய்ப் படிச்சு முடி. அப்புறம் பார்த்துக்கலாம். பேப்பரில் எழுதினா என் பொண்ணு இல்லாம போயிடுமா?

ராஜவேல்


சிதம்பரம்
30 ஆகஸ்ட்

மாமாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள். பதில் எழுதுகிறேன்.

நான் ஏன் தனியாகப் போனேன் என்றால், "லோடு வண்டி டயர் ரெண்டு கெடக்கு, பாஸ்போர்ட்ட கையெழுத்து போட்டு வாங்கறதுதானே, நீயே போயி வாங்கிட்டு வா, வர்ற வழியில பாப்பாவையும் கூட்டிக்க" என்று நீங்கள் சொன்னதால் போனேன். கையில் கிரீஸோடு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னீர்கள். நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஞாபகப்படுத்துகிறேன். நீங்கள் இப்படிக் கேட்டதால் ஞாபகப்படுத்துகிறேன்.

அதற்கு முன்னால் அவர் ஒன்றும் பேசியதில்லை. "தங்கச்சி" என்றுதான் கூப்பிடுவார். ஒருமுறை ஆதிரைக்குச் சாக்லேட் கொடுத்தார். போதுமா? இன்னும் எண்ணிக்கை வேண்டுமா?

இங்கே சடையப்பன் என் முடியைப் பிடித்தபோது அவனும் இதே கேள்வியைத்தான் வேறு வார்த்தையில் கேட்டான். அவனிடமிருந்து வந்தபோது எனக்கு வலிக்கவில்லை.

இன்னொன்று. வியாழக்கிழமை ஏஜெண்ட் விரலை அசைத்தாராம். இரண்டொரு நாளில் கண் திறக்கலாம், பேசலாம் என்று டாக்டர் சொன்னதாக அன்பரசு அண்ணன் விசாரித்து வந்தார். பேசினால் என்ன பேசுவார் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைக் கேட்ட பிறகு நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா? ஒரு மனுஷன் கண் திறக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன். கோயிலுக்குள் போய், ஆயிரம் பேர் நிற்கிற இடத்தில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைத்தான் வேண்டினேன்.

பெட்டி கட்டிவிட்டேன். கம்பளி ஸ்வெட்டர் இரண்டு. ஆதிரை ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு, கால் வரைக்கும் தொங்க, "நானும் ரெடி" என்று நிற்கிறாள்.

எழிலரசி


கடலூர்
4 செப்டம்பர்

எழிலு,

தப்பு என்மேலேதான். அந்த இருட்டு ரூம் ஒரு மனுஷனை என்ன பண்ணும்னு எனக்குத் தெரியலை. டயர் விஷயம் எனக்கு ஞாபகம் இருக்கு. அதை ஒவ்வொரு நாளும் நெனச்சுக்கிட்டு, உன்னைக் கேட்டேன். என்னை நானே கேட்டுக்க முடியாம உன்னைக் கேட்டேன்.

ரெண்டாம் தேதி அந்த ஏஜெண்ட் போயிட்டான். நேத்து பேப்பர் கொண்டுவந்து கையெழுத்து வாங்கினாங்க. செக்‌ஷனை மாத்திட்டாங்க. கொலை முயற்சியாக இருந்தது இப்ப கொலை. ஆயுள் வரைக்கும் போகும்னு பக்கத்து ரூம் ஆள் சொல்றான்.

நான் சொல்றதை நல்லா கேளு. இனிமே எதையும் சொல்ல ஆளே கிடையாது. எல்லாம் முடிஞ்சுது. நீ பத்தாம் தேதி போ. திரும்பிப் பார்க்காதே. அன்னிக்கு ராத்திரி மேலே பிளேன் சத்தம் கேட்டா அதில் நீதான் போறேன்னு நெனச்சுக்கறேன். இந்த ஜெயில் மேலே பிளேன் போகுமான்னு தெரியலை. போகும்.

பாப்பாவுக்கு முத்தம்.

ராஜவேல்


சிதம்பரம்
9 செப்டம்பர்

அன்புள்ள மாமாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பட்டப்பகலில் எழுதுகிறேன். ஆதிரை எதிரில் உட்கார்ந்து பொரி தின்கிறாள்.

உங்களுக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கப் போகிற ஐயாவுக்கும் வணக்கம். இத்தனை நாள் நீங்கள் படிப்பீர்கள் என்று பயந்து பயந்து எழுதினேன். இன்றைக்கு நீங்கள் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். தயவுசெய்து ஒரு வரியும் விடாமல் படியுங்கள். நான் ஒரு முறை படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்தான் இவ்வளவும் ஆரம்பித்தது.

ஜூலை இருபத்திரண்டு, மத்தியானம் இரண்டு மணி. மேல வீதியில் செல்போன் கடைக்கு மேலே செந்தமிழ்செல்வனின் ஆபீஸ். ஆதிரையைப் பால்வாடியிலிருந்து அழைத்துக்கொண்டு நேராக அங்கே போனேன். அங்கே வேலை பார்க்கும் பெண்ணைச் சாப்பிட அனுப்பிவிட்டிருந்தான். வாசலில் இருக்கும் கேமரா வெறும் டப்பா. அதையும் அவனே சொன்னான். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுப் பாஸ்போர்ட்டை மேசைமேல் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டான்.

"விசா வந்துருச்சு தங்கச்சி. ஆனா ஃபாரத்துல நீ கல்யாணம் ஆவாதவ. தெரியுமா? ஒரே ஒரு மெயில் தட்டுனா போதும். பொய் சொன்னதுக்கு வருஷக்கணக்குல எந்தக் கதவும் தொறக்காது. தட்டவா, வேணாமா? அது நீ நடந்துக்கறதுல இருக்கு."

தோளில் கை வைத்தான். தட்டிவிட்டேன். முடியைப் பிடித்து என் தலையைச் சுவரில் இடித்தான், இரண்டு முறை. ஆதிரை கத்தினாள். அவன் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"இது யாரு? ஃபாரத்துல இப்பிடி ஒரு புள்ளையே கெடையாதே. பேப்பர்ல இல்லாத புள்ள எதுக்குக் கத்துது?"

அவள் முன்னங்கையைப் பிடித்துத் தரையிலிருந்து தூக்கினான். ஒற்றைக் கையில், கடைக்காரன் கோழியைத் தூக்குகிற மாதிரி. எலும்பு சத்தம் எனக்குக் கேட்டது. அப்படியே கொண்டுபோய் பாத்ரூமுக்குள் எறிந்து கதவைச் சாத்தினான். உள்ளே அவள் கத்துவது சட்டென்று நின்றுவிட்டது. நின்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மேசைமேல் ஒரு ஷீல்டு இருந்தது. நிறையப் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பியதற்காக எவரோ கொடுத்தது, அடியில் பளிங்குக் கல் வைத்தது. அவன் பாத்ரூம் கதவுக்குத் தாழ் போட்டுக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து அடித்தேன். திரும்பி என் கழுத்தைப் பிடித்தான். நெற்றியில் அடித்தேன். விழுந்தான். மூன்றாவது அடிக்கு அவசியம் இருந்ததா என்று கேட்டால், தெரியாது. அடித்தேன். மற்ற இரண்டையும் விட அதுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன் மாமா. பத்து நிமிஷத்தில் வந்தீர்கள். நீங்கள் அவனைத் தொடவே இல்லை. லிவரை அந்த ரத்தத்தில் தோய்த்தீர்கள். ஷீல்டை ஆதிரையின் பால்வாடிப் பையில் திணித்து, பாஸ்போர்ட்டைக் கவரோடு என் கையில் கொடுத்து, பின்பக்கப் படியில் எங்களை இறக்கிவிட்டீர்கள். "நீ இங்க வரவே இல்ல" என்றீர்கள். பிறகு நீங்களே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டு, அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். ஓடுகிறவன் அப்படி உட்கார்ந்திருப்பானா என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

அந்த ஷீல்டுதான் அரிசி டிரம்மில் இருந்தது. ஆற்றில் போடத்தான் இரண்டு முறை கிளம்பினேன். பாலத்து மேலே நின்று நின்று திரும்பி வந்தேன். ஏன் போடவில்லை என்று அப்போது எனக்கே புரியவில்லை.

உங்கள் கடிதம் வந்ததும் உங்கள் கேஸைப் பார்க்கிற வக்கீல் அந்தோணிசாமி சாரைப் போய்ப் பார்த்தேன். ஒரு பெண் தன் பிள்ளையைக் காப்பாற்ற ஒருவனை அடித்து அவன் செத்துப்போனால் என்ன ஆகும் என்று பொதுவாகக் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "சட்டம் அத வேற மாதிரி பாக்கும்மா. முழுசா விட்டுருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். மூணாவது அடியப் பத்திக் கண்டிப்பாக் கேப்பாங்க. ஆனா ஆத்திரத்துல லிவரால அடிச்சேன்னு ஒருத்தன் சொல்லிட்டு நிக்கறான் பாரு, அவனுக்குத் தப்பிக்க வழியே இல்ல" என்றார். அடி மூன்று என்று நான் அவரிடம் சொல்லவில்லை மாமா. கேஸ் கட்டில் அவரே படித்திருக்கிறார். பொதுவாகக் கேட்டது பொதுவாக இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. முழுவதையும் சொன்னேன்.

நாளைக்குக் காலையில் அவரோடு ஸ்டேஷனுக்குப் போகிறேன். ஷீல்டைக் கழுவவில்லை, அரிசியோடு அப்படியே துணியில் கட்டி அவரிடம் கொடுத்துவிட்டேன். ஆதிரையின் எக்ஸ்ரேவையும் கொடுத்தேன். அன்றைக்குப் பார்த்த டாக்டரிடம் திரும்பப் போய், கட்டிலிலிருந்து விழவில்லை, ஒருவன் தூக்கி எறிந்தான் என்று சொன்னேன். "எனக்கு அப்பவே தெரியும்மா, விழுந்தா இப்பிடி ஒடையாது" என்றார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. நாம் சொல்லக் காத்திருந்திருக்கிறார்கள்.

உங்களுக்குக் கோபம் வரும். இதற்காகவா பல்லைக் கொடுத்தேன், கடையைக் கொடுத்தேன் என்று தோன்றும். ஊரில் என் பெயரை எப்படியெல்லாம் பேசுவார்கள் என்றும் நீங்கள் பயந்திருப்பீர்கள். அதை நீங்கள் எழுதவில்லை, எனக்குத் தெரியும். பேசட்டும். சடையப்பன் கல் எறியட்டும். நான் பத்தாம் தேதி விமானம் ஏறினால் அவன் அண்ணன் சொன்னதுதான் உண்மை என்று ஆகிவிடும். இங்கே ஒரு பிள்ளை இல்லை, அன்றைக்கு அங்கே யாரும் கத்தவில்லை.

நேற்று அந்த விசா ஆபீஸுக்கு மெயில் அனுப்பிவிட்டேன். மூன்றாம் பக்கத்தில் இரண்டு விவரம் தவறாக இருக்கிறது, திருத்திக்கொள்ளுங்கள் என்று எழுதினேன். திருமணமானவர். கணவர் பெயர் ராஜவேல், டயர் மெக்கானிக், புவனகிரி ரோடு, சிதம்பரம். குழந்தைகள், ஒன்று. பெயர் ஆதிரை, வயது மூன்று. விசாவை ரத்து செய்துவிடுவார்கள். திரும்ப எப்போது கேட்க முடியுமோ தெரியாது. கேட்டால், மூன்று பேரையும் எழுதித்தான் கேட்பேன்.

அனுப்புவதற்கு முன்னால் ஆதிரையை மடியில் வைத்துக்கொண்டு அந்தத் திரையைக் காட்டினேன். அவள் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். "நா எங்க?" என்றாள். "இதோ" என்றேன். இன்று காலையில் அமராவதி அக்கா ஆதிரையைப் பார்த்துக்கொள்ள வந்து, கடித்த தழும்பைக் காட்டிச் சிரித்துக்கொண்டே அவளைத் தூக்கினார். கடிக்கவில்லை.

என்னை எங்கே வைப்பார்கள் என்று தெரியாது. அதனால் ஜான்சி மிஸ் வீட்டு முகவரியைக் கவரின் பின்னால் எழுதியிருக்கிறேன். அவர் எனக்குப் படித்துக் காட்டுவார், அல்லது கொண்டுவந்து கொடுப்பார். திட்டுவதாக இருந்தாலும் எழுதுங்கள். ஐயா, நீங்களும் முத்திரை குத்தி வைத்துக்கொண்டு எட்டு நாள் ஆக்காமல், இதை இன்றைக்கே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.

சீக்கிரம் பதில் போடுங்கள் மாமா.

எழிலரசி